டர்பனில் பல்வலி வந்தால்: புதிதாக வந்தவர்களுக்கு

ஊரில் பல் வலித்தால் ராத்திரி எட்டரைக்குக்கூட தெருமுனைக் கிளினிக்குக்கு நடந்து போய் டோக்கன் வாங்கிவிடலாம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் அது நடக்காது. இங்கே எல்லாமே அப்பாயின்ட்மென்ட். பெரும்பாலான பல் மருத்துவர்கள் சனிக்கிழமை மதியத்தோடு மூடிவிடுவார்கள், ஞாயிறு திறந்திருப்பது அபூர்வம். டிசம்பர் 16 விடுமுறையிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரை நாடே ஒரு கொட்டாவி விட்டுப் படுத்துக்கொள்ளும். அப்போது டாக்டரும் கடற்கரையில்தான் இருப்பார்.

உம்லாங்கா பக்கம் ஐடி வேலைக்கு வந்தவர்கள், கோயில் பணிக்கு வந்த குருக்கள், நாதஸ்வரக்காரர்கள், படிக்க வந்த பிள்ளைகள், பேரக்குழந்தையைப் பார்க்க வந்த அப்பா அம்மா என எல்லோரையும் மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். ஜோகன்னஸ்பர்க், கேப் டவுனில் இருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் அந்த இரவைக் கடத்துங்கள்

வெதுவெதுப்பான ஒரு டம்ளர் தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு போட்டு நன்றாகக் கொப்பளியுங்கள். பிறகு வலிக்கும் பல்லுக்கு இரண்டு பக்கமும் பல் இடுக்குக்கான நூலை (ஃப்ளாஸ்) விட்டு எடுத்துப் பாருங்கள். இறைச்சி நாரோ கொய்யா விதையோ மாட்டிக்கொண்டு ஈறு வீங்கியிருந்தால் பாதி வலி அப்போதே இறங்கிவிடும். குண்டூசி, தீக்குச்சி வேண்டாம்.

அடுத்தது மாத்திரை. பல்வலிக்குப் பாராசிட்டமாலும் ஐபுபுரோஃபனும் சேர்ந்துதான் நன்றாகக் கேட்கும். இங்கே பாராசிட்டமாலுக்குப் பனாடோ என்று கேட்டால் போதும், ஐபுபுரோஃபனுக்கு நியூரோஃபன். கிளிக்ஸ், டிஸ்-கெம் மருந்துக்கடைகள் இரண்டிலும் டாக்டர் சீட்டு இல்லாமலே கிடைக்கும். பெரியவர்களுக்குப் பாராசிட்டமால் 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு வேளைக்கு இரண்டு, ஆறு மணி நேர இடைவெளியில், 24 மணி நேரத்தில் எட்டுக்கு மேல் கூடாது. ஐபுபுரோஃபன் 400 மில்லிகிராம், சாப்பிட்ட பிறகு, ஒரு நாளைக்கு மூன்று வேளை. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் ஐபுபுரோஃபனைத் தொடாமல் பார்மசிஸ்டிடம் கேளுங்கள். குழந்தைகளுக்கு அளவு எடையைப் பொறுத்தது, அதையும் அவரிடமே கேளுங்கள்.

இந்த ஊரில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. பல்வலி என்று வாய் திறந்தால் பக்கத்து வீட்டு ஆன்ட்டி உடனே ஒரு கிராண்ட்-பா பொடியை நீட்டுவார். பெட்டிக்கடை முதல் பெட்ரோல் பங்க் வரை கிடைக்கும் சின்னப் பொட்டலம். அதில் இருப்பது ஆஸ்பிரின், பாராசிட்டமால், காஃபின். அதைப் போட்டுவிட்டு மேலே பனாடோவும் போட்டால் பாராசிட்டமால் இரட்டிப்பாகிறது. நாளைக்குப் பல் பிடுங்க வேண்டியிருந்தால் ஆஸ்பிரின் ரத்தத்தை நிற்க விடாது. சிலர் பொடியை நேராக ஈறில் அப்புவார்கள். ஆஸ்பிரின் ஈறை வெள்ளையாக வெந்துபோகச் செய்யும், பல்வலியோடு ஈறுப் புண்ணும் சேர்ந்துவிடும். ஆன்ட்டியிடம் நன்றி சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள், பையிலேயே இருக்கட்டும்.

மைப்ரோடால் என்ற பெயரும் காதில் விழும். அதில் ஐபுபுரோஃபன், பாராசிட்டமால் இரண்டோடு கோடீனும் இருக்கிறது. அதோடு வேறு வலி மாத்திரை சேர்க்கக் கூடாது. கோடீன் பழக்கமாகிவிடும், மலச்சிக்கலும் தரும். ஊரிலிருந்து கொண்டுவந்த டோலோ 650, காம்பிஃப்ளாம் வைத்திருப்பவர்களும் இதே கணக்கைப் போடுங்கள்: காம்பிஃப்ளாமில் இரண்டு மருந்தும் ஏற்கெனவே இருக்கின்றன.

கிராம்பு எண்ணெய் நல்லதுதான். ஒரு துளியைப் பஞ்சில் தொட்டு, குழி விழுந்த இடத்தில் மட்டும் வையுங்கள். ஊற்றிக்கொண்டால் ஈறு எரிந்து புண்ணாகும். புகையிலை வைக்காதீர்கள். கன்னத்துக்கு வெளியே துணியில் சுற்றிய ஐஸ் கட்டியைப் பத்து நிமிடம் வைத்து எடுங்கள். வீக்கம் இருக்கும்போது வெந்நீர் ஒத்தடம் கொடுக்காதீர்கள். தட்டையாகப் படுத்தால் விண்விண்ணென்று தெறிக்கும், இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்துகொள்ளுங்கள்.

பெட்டியில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கை எடுத்து விழுங்க வேண்டாம். பல்லுக்குள் நரம்பு வீங்கியிருந்தால் அது வேலையே செய்யாது. சீழ் கட்டியிருந்தால் சீழை வெளியேற்றாமல் மாத்திரை மட்டும் போட்டு ஆறப்போவதில்லை. இங்கே ஆன்டிபயாடிக் சீட்டு இல்லாமல் தரமாட்டார்கள், அதில் கெஞ்சிப் பயனில்லை.

வலியைக் கவனியுங்கள், டாக்டரிடம் சொல்ல உதவும்

ஜில்லென்று குடித்ததும் சுருக்கென்று குத்தி இரண்டு மூன்று விநாடியில் போய்விட்டால் அது கூச்சமோ ஆரம்பச் சொத்தையோ. இந்த வாரத்துக்குள் காட்டினால் அடைத்தே சரிசெய்துவிடலாம். குடித்து முடித்த பிறகும் நிமிடக்கணக்கில் நின்று வலித்தால், சூடு பட்டால் துடித்தால், தூக்கத்திலிருந்து எழுப்பினால், நரம்பு கெட்டுக்கொண்டிருக்கிறது. கடிக்கும்போது மட்டும், அதிலும் கடித்த வாயைத் திறக்கும்போது, மின்னல் மாதிரி வெட்டினால் பல்லில் விரிசல் இருக்கலாம். கடைசிப் பல்லுக்குப் பின்னால் ஈறு வீங்கி வாய் திறக்க வலித்தால் ஞானப்பல்.

மேல்வரிசைக் கடைவாய்ப் பற்கள் மூன்று நான்கு சேர்ந்து வலித்து, குனியும்போது வலி கூடினால் சைனஸாக இருக்கலாம். ஜோகன்னஸ்பர்க் 1,700 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கும் ஊர், குளிர்காலத்தில் காற்று காய்ந்து கிடக்கும். புதிதாக அங்கே போனவர்கள் இதைப் பல்வலி என்று நினைத்து டென்டிஸ்டிடம் போவது சகஜம்.

இதில் முக்கியமானது ஒன்று. பயங்கரமாக வலித்த பல் மூன்றாம் நாள் திடீரென்று அடங்கிவிட்டால் சந்தோஷப்படாதீர்கள். நரம்பு செத்துப்போயிருக்கும். கிருமி அங்கேயேதான் இருக்கிறது, இனி எலும்புக்குள் சீழ் வைக்கும். வலி போன அன்று அப்பாயின்ட்மென்டை ரத்துசெய்தவர்கள்தான் சில வாரம் கழித்து முகம் வீங்கி நிற்கிறார்கள்.

நேராக ஆஸ்பத்திரிக்கு

தாடைக்கு அடியிலோ கழுத்திலோ வீக்கம் பரவினால், கண் மூடும் அளவுக்கு முகம் வீங்கினால், எச்சில் விழுங்க முடியாவிட்டால், நாக்கு மேலே தள்ளப்பட்டால், மூச்சு திணறினால், காய்ச்சலோடு நடுக்கம் வந்தால், டென்டிஸ்டைத் தேட வேண்டாம். ஆஸ்பத்திரியின் கேஷுவல்டிக்குப் போங்கள். அரசு ஆம்புலன்ஸ் எண் 10177, செல்போனிலிருந்து 112. தென்னாப்பிரிக்க அரசியலமைப்பின் 27ஆம் பிரிவின்படி அவசர சிகிச்சையை யாருக்கும் மறுக்கக் கூடாது. கையில் பணமோ மெடிக்கல் எய்ட் (இங்கத்திய மருத்துவக் காப்பீடு) அட்டையோ இல்லை என்பதற்காக வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள். கீழ்த்தாடை வலியோடு நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் சேர்ந்தால் அது இதயமாக இருக்கலாம், அதற்கும் இதே வழிதான்.

யாரிடம் போவது

தனியார் பல் மருத்துவர் ஒரு வழி. டர்பனில் ஓவர்போர்ட், ரிசர்வாயர் ஹில்ஸ், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், உம்லாங்கா எங்கே பார்த்தாலும் பலகையில் பிள்ளை, நாயுடு, கோவிந்தர், மூட்லி என்ற பெயர்கள். பெயரைப் பார்த்துத் தமிழில் ஆரம்பித்தால் சிரித்துக்கொண்டே ஆங்கிலத்தில் பதில் வரும். 1860இல் இந்தியத் தொழிலாளர்களை ஏற்றிய முதல் கப்பல் வந்து, ஐந்தாறு தலைமுறை ஓடிவிட்டது. வீட்டில் தீபாவளி, காவடி எல்லாம் குறைவில்லாமல் நடக்கும், பேச்சு ஆங்கிலம்தான். அதனால் அப்பா அம்மாவை அழைத்துப்போகும்போது ஒருவர் கூடவே உள்ளே இருங்கள். எந்தப் பல், எத்தனை நாளாக, சூடா குளிரா கடிப்பதா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதை ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுப்பது நல்லது. சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய வால்வு, எலும்புத் தேய்வுக்கான ஊசி, கர்ப்பம் எதையும் விடாதீர்கள்.

இரண்டாவது வழியைப் புதிதாக வந்தவர்கள் பெரும்பாலும் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள்: டென்டல் தெரபிஸ்ட். இவர்கள் டென்டிஸ்ட் அல்ல, ஆனால் பட்டம் பெற்று, பதிவு செய்து, தனியாகவே கிளினிக் நடத்தலாம். பல் பார்ப்பது, சுத்தம் செய்வது, அடைப்பது, சாதாரணமாகப் பிடுங்குவது இவர்கள் வேலை. ரூட் கெனால், பல்லுக்கு உறை மாட்டும் கேப் எல்லாம் இவர்கள் எல்லைக்கு வெளியே. கட்டணம் பொதுவாகக் குறைவு. குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகம் இவர்களுக்குப் பயிற்சி தருகிறது. சின்னச் சொத்தைக்கு இவர்களிடம் போவதில் ஒரு குறையும் இல்லை என்பது என் கருத்து.

மூன்றாவது, அரசு. டர்பனில் சிடன்ஹாம் பக்கம் கிங் டினுசூலு ஆஸ்பத்திரி வளாகத்தில் பல் பயிற்சி மருத்துவமனை இருக்கிறது. கட்டணம் வருமானத்தைப் பொறுத்தது. பாஸ்போர்ட், முகவரிச் சான்று, சம்பளச் சீட்டு எடுத்துக்கொண்டு விடியற்காலையிலேயே போய் வரிசையில் நில்லுங்கள். அரசுக் கிளினிக்குகளில் பெரும்பாலும் நடப்பது பல் பிடுங்குவதுதான். வலியிலிருந்து விடுதலை கிடைக்கும், பல்லைக் காப்பாற்ற வேண்டுமென்றால் வேறிடம் பார்க்க வேண்டும். டென்டிஸ்ட் பட்டம் தரும் கல்லூரிகள் நாட்டில் நான்குதான்: ஜோகன்னஸ்பர்க்கில் விட்ஸ், பிரிட்டோரியா, க-ராங்குவாவில் செஃபாகோ மக்காத்தோ, கேப் டவுனில் வெஸ்டர்ன் கேப். அந்த ஊர்க்காரர்கள் மாணவர் கிளினிக்கை விசாரியுங்கள். நேரம் பிடிக்கும், பேராசிரியர் மேற்பார்வையில் வேலை நடக்கும்.

மெடிக்கல் எய்ட்: போன் செய்யும் முன்பே பாருங்கள்

ரிசப்ஷனில் பெயருக்கு முன்னால் கேட்பது "எந்த மெடிக்கல் எய்ட்?" என்றுதான். உங்கள் பிளான் ஆஸ்பத்திரிச் செலவை மட்டும் ஏற்கும் ஹாஸ்பிட்டல் பிளானாக இருந்தால் டென்டிஸ்ட் நாற்காலிச் செலவு பெரும்பாலும் உங்கள் கையிலிருந்துதான். அன்றாட மருத்துவச் செலவுக்கென்று உங்கள் பணத்தில் ஒரு பகுதியை ஒதுக்கும் சேவிங்ஸ் உள்ள பிளானில், ஆண்டு முழுவதற்குமான தொகையை ஜனவரியிலேயே கணக்கில் காட்டிவிடுவார்கள். அதைத் தாராளமாகச் செலவழித்துவிட்டு, ஒப்பந்தம் முடிந்து ஜூலையில் ஊர் திரும்பினால், கூடுதலாகச் செலவானதைத் திருப்பிக் கட்டச் சொல்லிக் கடிதம் வரும். ஒப்பந்த வேலைக்கு வந்த நம் ஆட்கள் பலர் இதில்தான் மாட்டுகிறார்கள்.

புதிதாகச் சேர்பவருக்கு மூன்று மாதம் பொதுக் காத்திருப்பும், ஏற்கெனவே இருந்த கோளாறுக்குப் பன்னிரண்டு மாதம் வரை காத்திருப்பும் போடச் சட்டம் இடம் தருகிறது. கம்பெனி வழியாகச் சேர்ந்தால் தளர்வு இருக்கிறதா என்று எச்ஆரிடம் கேளுங்கள். சில திட்டங்கள் பல் விஷயத்தை மட்டும் டெனிஸ் என்ற நிறுவனத்திடம் விட்டிருக்கின்றன, அப்படியானால் அனுமதிக்கு அங்கேதான் போன் செய்ய வேண்டும். கேப் போடுவதற்கு முன்அனுமதி பெரும்பாலும் தேவை. பயணக் காப்பீட்டில் வந்திருக்கும் பெற்றோருக்கு பெரும்பாலும் வலி தணிக்கும் அவசர வேலைக்கு மட்டும்தான் பணம் கிடைக்கும், அதற்கும் ரசீது வேண்டும்.

பெயரைச் சரிபார்த்து, விலையைக் கேட்டு

ஒருவரின் பெயர் கிடைத்ததும் எச்பிசிஎஸ்ஏ என்ற மருத்துவப் பதிவுக் கவுன்சிலின் இணையப் பதிவேட்டில், ஐ-ரெஜிஸ்டரில், தேடுங்கள். டென்டிஸ்டா, தெரபிஸ்டா, பதிவு நடப்பில் இருக்கிறதா எல்லாம் இலவசமாகத் தெரியும். "நம்ம ஊர்க்காரர், வீட்டிலேயே பார்க்கிறார், மலிவு" என்று யாராவது சொன்னால் அந்தப் பெயரையும் அதிலே போட்டுப் பாருங்கள். இல்லையென்றால் வாயைத் திறக்காதீர்கள்.

சென்னையில் "ரூட் கெனால் ஸ்பெஷலிஸ்ட் வியாழக்கிழமை வருவார்" என்று கேட்டுப் பழகியிருப்போம். இங்கே ரூட் கெனாலும் குழந்தைப் பல் மருத்துவமும் தனிச் சிறப்புத் துறைகளாகப் பதிவேட்டில் இல்லை. அதனால் அந்தப் பட்டத்தைத் தேடாமல், "கடைவாய்ப் பல் ரூட் கெனால் நீங்களே செய்வீர்களா, வேறு யாரிடமாவது அனுப்புவீர்களா?" என்று நேராகக் கேளுங்கள். மழுப்பாமல் பதில் சொல்பவரை நம்பலாம். ஞானப்பல்லுக்கு மட்டும் தாடை அறுவை நிபுணர் என்று தனியாக இருக்கிறார்கள்.

போனில் கேட்க வேண்டியவை: இன்று வலிக்கு என்று அவசர நேரம் ஒதுக்குவீர்களா, மெடிக்கல் எய்ட் ரேட்டா அதற்கு மேலா, பணம் நான் கட்டிவிட்டுப் பிறகு வாங்கிக்கொள்ள வேண்டுமா. காலையில் கிளினிக் திறந்த உடனே போன் அடியுங்கள், ரத்தான இடங்கள் அப்போதுதான் தெரியும். "டூத்ஏக்" என்று சொல்லாமல் "வலியில் ராத்திரி தூங்கவில்லை, வீக்கம் இருக்கிறது" என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். வரிசையில் முன்னே நகர்வீர்கள்.

விலைக்கு அரசு நிர்ணயம் எதுவும் இல்லை, ஒவ்வொரு டாக்டரும் தன் கட்டணத்தைத் தானே வைக்கிறார். ஆனால் 2003ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டப்படி, சிகிச்சை வழிகளோடு அவற்றின் செலவையும் உங்களுக்குச் சொல்ல வேண்டியது அவர் கடமை. அதனால் கொட்டேஷன் கேட்பதில் வெட்கம் வேண்டாம். கையில் வரும் தாளில் நான்கு இலக்க எண்களாக இருக்கும். 8101 என்றால் முழு வாய்ப் பரிசோதனை, 8104 ஒரு குறிப்பிட்ட சிக்கலுக்கான பரிசோதனை, 8107 சின்ன எக்ஸ்ரே, 8145 மரத்துப்போகும் ஊசி, 8201 ஒரு பல் பிடுங்குவது. 8109, 8110 என்பவை கையுறைக்கும் சுத்திகரித்த கருவிக்கும். இந்த எண்களைப் படித்து மெடிக்கல் எய்டுக்குப் போன் செய்தால் எது கிடைக்கும், எது உங்கள் தலையில் என்று ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள்.

நாற்காலியில்

எக்ஸ்ரே எடுக்காமல் பிடுங்கலாம் என்று சொல்பவரிடம் ஏன் என்று கேளுங்கள். படத்தைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். வேர் நுனியில் கறுப்பு வட்டம் தெரிந்தால் அங்கே எலும்பு கரைந்திருக்கிறது. பிறகு மூன்று கேள்வி: காப்பாற்ற முடியுமா, ரூட் கெனாலும் கேப்பும் சேர்த்து மொத்தம் எவ்வளவு, ஒரு மாதம் தள்ளினால் என்ன ஆகும். ரூட் கெனால் ஒரு பில், கேப் இன்னொரு பில். முதலாவதை மட்டும் கட்டிவிட்டுக் கேப் போடாமல் விட்ட கடைவாய்ப் பல் எப்போது வேண்டுமானாலும் பிளக்கும். ஈறுக்குக் கீழே வரை உடைந்த பல்லுக்கு வீண் செலவு செய்யாதீர்கள், பிடுங்கிவிடுவதே மேல். சுவர் நன்றாக இருக்கும் பல்லை மெடிக்கல் எய்ட் தராது என்ற ஒரே காரணத்துக்காகப் பிடுங்கினால், பக்கத்துப் பல் சாய்ந்து, எதிர்ப்பல் இறங்கி, செலவு பிறகு வரும். தவணையில் கட்டலாமா என்று கேட்டுப் பாருங்கள்.

பணமோ நேரமோ இல்லையென்றால் முதல் நாள் பல்லைத் திறந்து, கெட்ட நரம்பை எடுத்து, மருந்து வைத்துத் தற்காலிகமாக அடைக்கச் சொல்லலாம். வலி அன்றே நிற்கும். அந்த அடைப்பு சில வாரங்களுக்குத்தான். அடுத்த தேதியைக் குறித்துக்கொள்ளாமல் எழுந்து வராதீர்கள்.

ஊசி போட்டும் வலித்தால் கையைத் தூக்குங்கள். சீழ் கட்டிய இடத்தில் மருந்து சரியாகப் பிடிக்காது, இன்னொன்று போடுவார்கள். பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வது இங்கே வேலைக்காகாது.

பிடுங்கிய பிறகு

பஞ்சை அரை மணி நேரம் அழுத்திக் கடியுங்கள். 24 மணி நேரம் கொப்பளிப்பது, துப்புவது, உறிஞ்சுகுழலில் குடிப்பது, புகைப்பது கூடாது. குழியில் உறைந்த ரத்தம்தான் மருந்து. ஆறவைத்த தயிர் சாதம், மசித்த பருப்பு சாப்பிடலாம், ரொட்டியைக் குடைந்து குழம்பு நிரப்பித் தரும் பன்னி சௌவுக்கு ஒரு வாரம் பொறுங்கள். ரத்தம் கசிந்தால் ஃபைவ் ரோசஸ் மாதிரி கறுப்புத் தேயிலைப் பையை நனைத்துப் பிழிந்து இருபது நிமிடம் கடியுங்கள், அதிலுள்ள துவர்ப்பு ரத்தத்தைக் கட்டும். இங்கத்திய மூலிகைத் தேநீரான ரூய்போஸில் துவர்ப்பு குறைவு, அது உதவாது. இரண்டு முதல் நான்கு நாளில் காது வரை இழுக்கும் புது வலியும் வாய் நாற்றமும் வந்தால் உறைந்த ரத்தம் விலகிக் குழி காய்ந்துவிட்டது. உடனே திரும்பிப் போங்கள், மருந்து வைத்தால் அடங்கும்.

காவடிக்கு அலகு குத்திக்கொள்பவர்கள் விரதம் தொடங்கும் முன்பே வாயைக் காட்டிவிடுங்கள். சீழ் இருக்கும் வாயில் கன்னத்தையோ நாக்கையோ துளைப்பது ஆபத்து.

ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாமா?

எல்லோரும் கேட்பது இதுதான். திட்டமிட்ட வேலைக்குச் சரி: கேப், பழைய அடைப்பை மாற்றுவது. இம்பிளான்டுக்குச் சரிவராது, எலும்போடு பிடிக்கவே மாதங்கள் ஆகும், இரண்டு வார லீவில் முடியாது. வலிக்கும் பல்லைச் சுமந்துகொண்டு விமானம் ஏறாதீர்கள். மேலே காற்றழுத்தம் குறையும்போது பல்லுக்குள் வலி கூடும், துபாய் வழியாகப் போனால் அது இரண்டு முறை. இங்கேயே நரம்பை எடுத்துத் தற்காலிகமாக அடைத்துக்கொண்டு, மிச்சத்தை அங்கே முடிப்பது நடக்கக்கூடிய காரியம். டிசம்பர் லீவில் அப்படிச் செய்வதென்றால் நவம்பரிலேயே தேதி வாங்குங்கள், எக்ஸ்ரேயையும் செய்த வேலையின் குறிப்பையும் மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், பயணத்துக்கு முதல் நாள் பிடுங்கிக்கொள்ளாதீர்கள்.